கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்காத பூனைக்கு: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஒரு மூலையில் கிண்ணம் வைத்தாயிற்று, தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். நாய் அப்படிக் குடித்துக்கொள்ளும். பூனை குடிக்காது, குடித்தாலும் தேவையான அளவுக்குக் குடிக்காது.

அதன் பூர்வீகம் அப்படி. நம் வீட்டுப் பூனை, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனையின் வழிவந்தது. அங்கே குளம் குட்டை தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பிடித்துத் தின்ற எலியின் உடம்பிலேயே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருந்தது. மிச்சத்தைச் சிறுநீரகம் சமாளித்தது. சிறுநீரைக் கெட்டியாக்கி, உள்ளே இருக்கும் நீரை விடாமல் பிடித்து வைப்பதில் பூனையின் சிறுநீரகம் கெட்டிக்காரத்தனமானது. அதனால்தான் தாகம் என்கிற உணர்வே பூனைக்கு மந்தம். உடம்பு வற்ற ஆரம்பித்த பிறகும் அது கிண்ணத்தைத் தேடிப் போகாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இந்தப் பிராணியைப் பிடித்து வீட்டுக்குள் வைத்து, பெட் ஷாப்பில் வாங்கிய மொறுமொறு உலர் தீனியை மட்டும் போடும்போது.

எவ்வளவு வேண்டும்?

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 மில்லி. 4 கிலோ பூனைக்கு 200 மில்லி. எடை தெரியாவிட்டால் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த 200 மில்லி என்பது சாப்பாட்டில் இருக்கும் நீரையும் சேர்த்த கணக்கு. விஷயமே இதில்தான் இருக்கிறது. உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம்கூடத் தேறாது. ஒரு நாளைக்கு 60 கிராம் தின்றால் அதிலிருந்து கிடைப்பது ஒரு தேக்கரண்டிச் சொச்சம். பாக்கி முழுவதையும் கிண்ணத்தில் குடித்தாக வேண்டும். பவுச்சில் வரும் ஈரத் தீனியில் 75 முதல் 80 சதவீதம் நீர். 80 கிராம் பவுச் ஒன்றில் 60 மில்லிக்கு மேல் வந்துவிடும். அப்படிப் பவுச் மூன்று தின்கிற பூனை கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன்னால் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் பவுண்டன் வாங்கலாமா, எந்த கம்பெனி நல்லது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை: இப்போது எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது

காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் (ஊசி இல்லாமல்) இதற்குத் தோது. மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது: சித்திரை, வைகாசியில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு பகுதி சும்மாவே ஆவியாகப் போகும். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி, பக்கத்திலேயே ஒரு கம்பிக் கூடையையோ பஞ்சாரத்தையோ கவிழ்த்து மூடி வையுங்கள். அதில் எவ்வளவு குறைந்ததோ அது வெயில் குடித்தது. அதைக் கழித்தால் பூனை குடித்த அளவு கிடைக்கும். தொடர்ந்து சில நாள் செய்து சராசரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டாக்டர் கேட்கும்போது இந்த ஒரு எண் பெரிய உதவி.

பூனை மலஜலம் கழிக்க மணல் தட்டு வைத்திருப்பவர்கள் அதையும் பாருங்கள். கட்டிக்கொள்ளும் வகை மணலில் ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர் உருண்டைகள் சாதாரணம். உருண்டை சிறுத்துக்கொண்டே போனால் தண்ணீர் போதவில்லை. கொல்லைக்குப் போய் மண்ணைக் கிளறி மூடிவிட்டு வரும் பூனைக்கு இந்தக் கணக்கு கிடைக்காது. புதிதாக வளர்ப்பவர்கள் சில மாதமாவது வீட்டுக்குள் தட்டு வைத்துப் பழக்குவது நல்லது என்பது என் கருத்து. பூனையின் உடல்நிலையைப் பற்றி அந்தத் தட்டு சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது வேலை: தண்ணீரைச் சாப்பாட்டுக்குள் வைப்பது

உலர் தீனி மட்டும் தின்று பழகிய பூனையை ஒரே நாளில் மாற்ற முடியாது. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மெதுவாகத்தான் போக வேண்டும்.

வழக்கமான தீனியில் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசறுங்கள். வெதுவெதுப்பில் வாசனை எழும்பும், பூனை மூக்கை நம்பிச் சாப்பிடுகிற பிராணி. அது பழகியதும் இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று ஏற்றலாம். ஈரத் தீனிக்குப் பழகிய பூனைக்கும் பவுச்சில் ஒரு கரண்டித் தண்ணீர் கலந்து குழம்பு மாதிரி கொடுக்கலாம். ஒன்று மட்டும்: ஈரமாக்கிய தீனியை நம் கோடையில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எறும்பு வருவதற்குள் கெட்டே போய்விடும்.

வீட்டுச் சமையலில் மீன்தான் சுலபம். தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் மத்தியோ சங்கராவோ வாங்கி, உப்பு, புளி, மஞ்சள் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து வையுங்கள். பச்சையாகப் போட வேண்டாம். சிலவகை மீன்களில் தயமின் என்கிற வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் மீன் விலையும் உச்சத்துக்குப் போகும். அந்தச் சமயத்தில் கண்மாய் மீன் கிடைத்தால் ஜிலேபி வாங்கலாம். கெண்டை வேண்டாம், அந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

அல்லது கோழி. கழுத்து, முதுகெலும்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, வேறெதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். சாறை வடித்து ஆறவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் வரும். தினம் ஒரு கட்டியை எடுத்து இளக்கித் தீனியில் ஊற்றலாம், கிண்ணத்துத் தண்ணீரிலும் கலக்கலாம். சதையைப் பிய்த்துப் போடுங்கள். வெந்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மீனும் கோழியும் மட்டுமே போட்டு வளர்த்தாலும் பூனைக்குச் சத்து முழுதாகக் கிடைக்காது. டாரின், கால்சியம் எல்லாம் குறையும். நல்ல தீனி அடிப்படையாக இருக்கட்டும், இவை அதன் மேல் ஊற்றும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுச் சமையலறையில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இங்கே எதுவும் அடுப்பில் ஏறாது. இரண்டுமே பூனைக்கு விஷம், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வதக்கினாலும் கொதித்தாலும் அந்தக் குணம் போகாது. ஆகவே மீன் குழம்புத் தண்ணீர், கோழிச் சால்னா, ரசம் எதுவும் வேண்டாம். நமக்காக வைத்த குழம்பிலிருந்து மீன் துண்டைக் கழுவிப் போடுவதும் சரியில்லை. மசாலா போடுவதற்கு முன்னால் பூனைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். கருவாடு உப்பு மூட்டை, அதுவும் வேண்டாம்.

பால் விஷயம்

இதைச் சொன்னால் பக்கத்து வீட்டு ஆச்சி விடமாட்டார். “எங்க அப்பத்தா காலத்துல இருந்து பூனைக்குப் பாலுதானப்பா ஊத்துறோம். எந்தப் பூனை செத்துப்போச்சு?” என்பார். “ஆச்சி, அந்தப் பூனைக பாலை நம்பியா இருந்துச்சு? நெல்லு மூட்டைக்குப் பின்னால எலியப் பிடிச்சுத் தின்னுச்சுக. எலியிலயே தண்ணி இருக்கு” என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உள்ளே போனதைவிட அதிகமாகத் தண்ணீர் வெளியே போகும். மோரில் நாம் போடும் உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் எதுவும் பூனைக்கு ஆகாது. இளநீர் தேவையில்லை, சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அதிலுள்ள பொட்டாசியம் கெடுதலாகலாம்.

தாயில்லாத குட்டிக்கும் பசும்பால் சரியான மாற்று இல்லை. பூனைக்குட்டிக்கென்று பால்பவுடர் கிடைக்கிறது.

மூன்றாவது வேலை: எதில் வைப்பது, எங்கே வைப்பது

இதில் நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளமாகப் போகும் வீட்டில் பூனை ஒரு இடத்தில் நிலையாக இருப்பதில்லை. காலையில் திண்ணையில் கிடக்கும், மதியம் ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையின் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும், சாயங்காலம் முற்றத்து ஓட்டு விளிம்பில் இருக்கும். அது போகும் வழியைக் கவனித்து, வழியில் மூன்று நான்கு இடத்தில் கிண்ணம் வையுங்கள். தண்ணீரைத் தேடிப் போகாத பிராணி, காலடியில் இருந்தால் ஒரு வாய் நக்கிவிட்டுப் போகும். காரைக்குடியில் இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு கிண்ணம் போதும்.

சாப்பாட்டுத் தட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள், சில அடி தள்ளி இருக்கட்டும். மணல் தட்டுக்குப் பக்கத்தில் அறவே கூடாது. பூனை தண்ணீர் குடிக்கும்போது தலையைக் குனிந்து நிற்கும், அப்போது பின்னாலிருந்து யாரும் வந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கையாக இருக்கும். நாலு பக்கமும் பார்க்கக்கூடிய இடமாகப் பாருங்கள். தூண் ஓரம் நல்லது. மூலையில் சுவரைப் பார்த்து வைத்தால் பல பூனைகள் தொடாது. இரண்டு பூனை இருந்தால், ஒன்று வழியை மறித்து உட்கார்ந்து மற்றதைக் குடிக்க விடாமல் செய்யும் வழக்கமும் உண்டு. தனித்தனி அறையில் வைப்பதே அதற்கு வழி.

பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மீசை விளிம்பில் இடிக்காமல் குடிப்பதைப் பூனைகள் விரும்புகின்றன. விளிம்பு வரை ஊற்றி வைத்தால் இன்னும் சௌகரியம். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் மூன்றும் நல்லவை. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கு சேரும், தாடையில் கரும்புள்ளி வரவும் காரணமாகலாம்.

மானாமதுரை மண் சட்டி கோடைக்கு அருமை, தண்ணீர் கசிந்து ஆவியாவதால் தானே குளிரும். ஆனால் மண்ணின் துளைகளில் பாசி பிடிக்கும். இரண்டு சட்டி வைத்துக்கொண்டு, ஒன்றை நாரால் தேய்த்து வெயிலில் காயப்போட்டு, மாற்றி மாற்றிப் புழங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்க அழகாக இருக்கும் பழைய எனாமல் கிண்ணங்களை இதற்கு வாங்க வேண்டாம். பழைய எனாமல் பூச்சில் ஈயம், காட்மியம் இருந்திருக்க வாய்ப்புண்டு. அதுவும் சில்லு பெயர்ந்தது என்றால் அலமாரியோடு நிற்கட்டும். வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பிலும் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்றால், நீங்கள் குடிக்கும் தண்ணீர். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் உங்களுக்குப் பிடிக்காதது பூனைக்கும் பிடிக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைத்து ஊற்றுங்கள்.

தினம் மாற்ற வேண்டும், கோடையில் இரண்டு வேளை. வெறுமனே கொட்டி நிரப்பினால் போதாது, கையால் தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம் தெரியும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு முட்டை பாத்திரத்தின் உள்சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்பதால் தேய்ப்பது வீட்டு மனிதர்களுக்கும் நல்லது. கொசுப்புழு ஒழிக்க வருகிறவர்களிடம் பூனைக் கிண்ணத்தைக் காட்டித் திட்டு வாங்க வேண்டியதில்லை.

சில பூனைகள் நின்ற தண்ணீரைத் தொடாது, குழாயடியில் போய் நிற்கும். அவற்றுக்கு மோட்டார் வைத்த பவுண்டன் பயன்படும். வாங்குவதற்கு முன் குழாயை நூலாக ஒழுக விட்டுப் பாருங்கள். பூனை ஆர்வம் காட்டாவிட்டால் பணம் மிச்சம். வாங்கினாலும் மின்சாரம் போகும் நேரத்துக்காகச் சாதாரணக் கிண்ணம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பூனை குடிக்கக் கூடாத தண்ணீர்

கிண்ணத்தை விட்டுவிட்டு வேறெதையாவது குடிப்பதில் பூனைக்குத் தனி ருசி. முகப்பில் பூ மிதக்கும் உருளி அதற்கு முதல் குறி. அதில் செவ்வரளி போட்டிருந்தால் உருளித் தண்ணீரே விஷம், இதயத்தைத் தாக்கும். பூனை இருக்கும் வீட்டில் உருளிக்குச் செம்பருத்தியோ ரோஜாவோ போதும். அரளியைச் சாமி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், காய்ந்த பூவையும் எட்டாத இடத்தில் கொட்டுங்கள்.

அடுத்தது தரை துடைக்கும் வாளி. பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. குடிக்காவிட்டாலும், ஈரத் தரையில் நடந்து பிறகு பாதத்தை நக்கும். பூனை புழங்கும் பகுதியை வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும்.

அண்டா, தொட்டிகளை மூடி வையுங்கள். குட்டி எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது.

வெயில் காலம்

அக்கினி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடி அறை, தகரக் கொட்டகை இரண்டிலும் பூனையை அடைத்து வைக்காதீர்கள். தண்ணீரில் ஒரு ஐஸ் கட்டி போட்டால் சில பூனைகள் விளையாட்டாக நக்கும். ஈரத் துணியால் முதுகைத் தடவிவிட்டால் தன் ரோமத்தை நக்கும்போது கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், உடம்பும் குளிரும்.

நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பது வழக்கம். பூனை அப்படிச் செய்தால் ஏதோ சரியில்லை. நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரால் (ஐஸ் தண்ணீர் வேண்டாம்) உடம்பை நனைத்து, ஃபேன் போட்டு, உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். பூனையின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் அவசரம்.

வற்றிவிட்டதா என்று பார்ப்பது

மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். வழுவழுவென ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தோள்பட்டை நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் நிலைமை முற்றிவிட்டது. கிழட்டுப் பூனைக்குத் தோல் தளர்ந்திருக்கும், குண்டுப் பூனைக்குக் கொழுப்பால் உடனே படியும். ஆகவே தோலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கண் உள்வாங்குவது, சுருண்டே கிடப்பது, மலம் புழுக்கை மாதிரி இறுகுவது எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

இந்த நிலையில் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். மருத்துவரிடம் போனால் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார். முதுகில் ஒட்டகத் திமில் போல ஒரு வீக்கம் தெரியும், சில நேரம் கால் பக்கம் இறங்கித் தொங்கும். பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சல் என்று நினைத்து நீங்களாகப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். கெட்டியான சிறுநீரில் படிகம் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அடிக்கடி தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், கத்தும், அடியை நக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு சொட்டுகூட வராது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்குகிறார்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரி பத்து மணியானாலும் காத்திருக்காமல் பூனையைக் கூடையில் வைத்துக் கிளம்புங்கள். அருகில் அடைப்பு எடுக்கும் வசதி உள்ள மருத்துவர் யார், ராத்திரியில் யார் பார்ப்பார் என்று பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைக்க வேண்டும். உள்ளூரில் இல்லாவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக எவ்வளவு நேரமாகும் என்பதையும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வயதான பூனை திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருக்கும். அதன் தண்ணீரைக் குறைக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும், வீடு நிறைந்திருக்கும்போதும்

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று வீடு திறந்து சொந்தபந்தம் நிறைந்தால் பூனை மச்சிலோ மூன்றாம் கட்டுப் பக்கமோ போய் ஒளிந்துகொள்ளும். மேளச் சத்தம் அடங்கும்வரை கீழே இறங்காது, குடிக்காது. விசேஷத்துக்கு முந்தின நாளே ஒரு அறையை ஒதுக்கித் தண்ணீர், மணல் தட்டு, தீனி எல்லாம் உள்ளே வைத்துக் கதவில் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள், உலர் தீனியையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போவது போதாது. வீடு பார்த்துக்கொள்பவரிடம் பொதுவாகத் “தண்ணி வைங்க” என்று சொல்லாமல், இந்தக் கிண்ணத்தில் இவ்வளவு, இந்த நேரத்துக்கு, மிச்சம் எவ்வளவு என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தினம் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் கேளுங்கள். அவர் அன்பாகப் பூனையைத்தான் படம் எடுத்து அனுப்புவார். “அண்ணே, பூனை அழகா இருக்கு, மணல் தட்டை எடுத்து அனுப்புங்க” என்று சொல்லிவிடுங்கள்.